வுக் யெரெமிச்: வாக்கில் வென்று வழக்கில் தோற்ற அமைச்சரா?

கீழைக்காற்று எழுதியது:

செர்பியாவின் வெளியுறவு அமைச்சராக 2007 மே முதல் 2012 ஜூலை வரை இருந்த வுக் யெரெமிச்சின் பொதுவாழ்க்கையைப் பற்றி இங்கே ஓர் இழை தொடங்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். செர்பியாவின் தெற்கே, அல்பேனியர்கள் பெரும்பான்மையாக வாழும் கொசோவோவைப் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். ஆனால் அந்தப் பிரச்சினையை ஐக்கிய நாடுகள் பொதுச்சபைக்கும், அங்கிருந்து சர்வதேச நீதிமன்றத்துக்கும் எடுத்துச் சென்ற மனிதரைப் பற்றித் தனியாகப் பேசியதில்லை.

அவர் 1975இல் செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கோட்பாட்டு இயற்பியல் படித்தார். லண்டனில் நிதித் துறையில் சில காலம் வேலை பார்த்தார். பிறகு ஹார்வர்டின் கென்னடி கல்லூரியில் பொது நிர்வாகம் படித்தார். அரசியலுக்குள் அவர் நுழைந்த கதவு மட்டும் உள்ளூர்க் கதவு. பெல்கிரேடில் உயர்நிலைப் பள்ளியில் அவருக்கு உளவியல் கற்பித்த ஆசிரியர் போரிஸ் தாதிச். செர்பியா அங்கமாயிருந்த யூகோஸ்லாவியாவின் தலைவர் மிலோசெவிச்சின் ஆட்சி 2000 அக்டோபரில் கவிழ்ந்த பிறகு தாதிச் முதலில் தொலைத்தொடர்பு அமைச்சராகவும், பின்பு பாதுகாப்பு அமைச்சராகவும் ஆனபோது மாணவர் ஆலோசகராக உடன் சென்றார். 2004இல் ஆசிரியர் குடியரசுத் தலைவரானார். மூன்று ஆண்டுகள் கழித்து, 32 வயதுகூட நிறையாத நிலையில், மாணவர் வெளியுறவு அமைச்சரானார்.

அவர் பொறுப்பேற்ற நேரத்தைக் கவனியுங்கள். 1999இல் யூகோஸ்லாவியா மீது நேட்டோ 78 நாள்கள் குண்டு வீசிய பின்னர் கொசோவோ ஐ.நா. நிர்வாகத்தின் கீழ் வந்திருந்தது. பாதுகாப்பு அவையின் 1244ஆம் தீர்மானம் அதற்கு அடிப்படை. ஐ.நா. சிறப்புத் தூதர் மார்ட்டி அஹ்திசாரி முன்வைத்த ‘மேற்பார்வையிடப்பட்ட சுதந்திரம்’ என்ற திட்டம் 2007இல் ரஷ்யாவின் எதிர்ப்பால் பாதுகாப்பு அவையில் நகரவில்லை. 2008 பிப்ரவரி 17 அன்று கொசோவோவின் தலைநகர் பிரிஷ்டினா தானாகவே சுதந்திரத்தை அறிவித்தது. அடுத்த சில நாள்களில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி ஆகியவை அதை ஏற்றுக்கொண்டன. பெல்கிரேடில் அமெரிக்கத் தூதரகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. படை அனுப்பும் வலிமையோ விருப்பமோ அந்த அரசுக்கு இல்லை. அப்படிப்பட்ட நாட்டின் வெளியுறவு அமைச்சர் என்ன செய்ய முடியும்?

யெரெமிச் வாக்கு திரட்டக் கிளம்பினார். 2008 அக்டோபர் 8 அன்று, கொசோவோவின் அறிவிப்பு சர்வதேசச் சட்டத்துக்கு இசைவானதா என்று சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கும் தீர்மானம் பொதுச்சபையில் நிறைவேறியது. ஆதரவு 77, எதிர்ப்பு 6, வாக்களிப்பைத் தவிர்த்தவை 74. எதிர்த்த ஆறில் அமெரிக்காவையும் அல்பேனியாவையும் விட்டால் மீதி நான்கும் பசிபிக் தீவு நாடுகள். உலகின் பெரிய வல்லரசுக்கு எதிராக ஒரு சிறு நாடு இப்படி வெல்வது அரிது என்பது என் கருத்து. ஆனால் 2010 ஜூலை 22 அன்று நீதிமன்றம் தந்த விடை, அந்த அறிவிப்பு சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று, செர்பியாவுக்குப் பாதகமாக அமைந்தது. இவரை வெற்றி பெற்றவராக எண்ணுவதா, தோற்றவராக எண்ணுவதா? உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.


முத்துவேல், மதுரை எழுதியது:

வெற்றி பெற்றவர் என்றே சொல்வேன். அதற்குக் காரணமும் சொல்கிறேன்.

வெளியுறவுத் துறையில் தோல்வியைத் தள்ளிப்போடுவதும் ஒரு வேலை. 2008இல் எல்லோரும் எதிர்பார்த்தது என்ன? சில மாதங்களில் நூறு நாடுகளுக்கு மேல் கொசோவோவை ஏற்றுக்கொள்ளும், விவகாரம் முடிந்துவிடும் என்பதுதான். நீதிமன்றம் கருத்துச் சொன்ன நாளில்கூட அந்த எண்ணிக்கை 69ஐத் தாண்டவில்லை. “வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, முடிவு வரட்டும்” என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல நாடுகளுக்கு அது ஒரு மரியாதையான சாக்காக அமைந்தது. நம் ஊரில் சொத்து வழக்கில் தடையாணை வாங்குகிறவனைக் கேட்டுப் பாருங்கள், இதன் அருமையைச் சொல்வான்.

மேலும், அவர் அணிசேரா நாடுகளிடம் திரும்பிப் போனார். 1961இல் முதல் அணிசேரா மாநாடு கூடியது பெல்கிரேடில். யூகோஸ்லாவியா உடைந்த பிறகு அந்தப் பழைய உறவுகளைக் கவனிப்பார் இல்லை. 2011 செப்டம்பரில் அதன் 50ஆம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தை யெரெமிச் பெல்கிரேடிலேயே நடத்தினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விண்ணப்பித்துவிட்ட ஒரு நாடு அதே சமயம் அணிசேரா நாடுகளை விருந்துக்கு அழைத்தது ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் பலருக்குப் பிடித்திருக்காது. ஆனால் 2015இல் யுனெஸ்கோவில் சேரக் கொசோவோ முயன்றபோது மூன்று வாக்குகள் குறைந்து தோற்றது. 2018இல் இன்டர்போலிலும் தோற்றது. அப்போது அவர் பதவியில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியவர் யார்?


யாழ் சட்டத்தரணி எழுதியது:

முத்துவேல் ஐயாவின் தடையாணை உவமை பொருத்தமானது. ஆனால் தடையாணை வாங்கியவர் கடைசியில் தீர்ப்பையும் வாங்க வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை, சரியாகச் சொன்னால் அந்த ஆலோசனைக் கருத்தை, கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்று எண்ணுகிறேன். தொழில்முறையில் எனக்கு ஆர்வமுள்ள பகுதி இதுவே என்பதால் நீளத்தைப் பொறுத்தருள்க.

செர்பியா கேட்ட கேள்வி ஒரே வாக்கியம்: “கொசோவோவின் தற்காலிக சுயாட்சி நிறுவனங்கள் ஒருதலைப்பட்சமாகச் செய்த சுதந்திரப் பிரகடனம் சர்வதேசச் சட்டத்துக்கு இசைவானதா?” இந்த வாக்கியத்தில் ஒரு பொறி இருக்கிறது. ‘தற்காலிக சுயாட்சி நிறுவனங்கள்’ என்பவை ஐ.நா. நிர்வாகம் உருவாக்கியவை, அந்த நிர்வாகம் கொடுத்த அதிகாரத்துக்கு மேல் அவற்றுக்கு அதிகாரம் கிடையாது. ஆகவே, பிரகடனத்தைச் செய்தது அந்த நிறுவனமே என்று ஒப்புக்கொண்டால், அது அதிகார எல்லையை மீறியது என்ற முடிவுக்குத் தானாகவே வந்துவிடலாம். கேள்வியை எழுதியவர்கள் அறியாமல் எழுதவில்லை.

நீதிமன்றம் அந்தப் பொறியைச் சுற்றிக்கொண்டு நடந்தது. பிரகடனத்தைச் செய்தவர்கள் யார் என்பதைக் கேள்வி முன்கூட்டியே தீர்மானிக்க முடியாது, அதைத் தீர்மானிக்கும் உரிமை தனக்கு உண்டு என்று அது கூறியது. பிறகு பத்திரத்தையே எடுத்துப் பார்த்தது. ஆங்கில, பிரெஞ்சு மொழிபெயர்ப்புகளில் கொசோவோ சட்டசபையின் பெயர் இருந்தது. மூலமான அல்பேனிய வாசகத்தில் அது சட்டசபையின் செயல் என்று எங்கும் இல்லை. உறுப்பினர்களோடு, சட்டசபை உறுப்பினராக இல்லாத கொசோவோ ஜனாதிபதியும் கையொப்பமிட்டிருந்தார். சட்டசபை இயற்றுபவை வழமையாக ஐ.நா. சிறப்புப் பிரதிநிதிக்கு அனுப்பப்படும்; இது அனுப்பப்படவில்லை. அவரும் இதனை இரத்துச் செய்யவில்லை. ஆகவே இவர்கள் தற்காலிக நிறுவனமாகச் செயற்படவில்லை, கொசோவோ மக்களின் பிரதிநிதிகளாக அந்தக் கட்டமைப்புக்கு வெளியே நின்று செயற்பட்டார்கள் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. வெளியே நிற்பவரை உள்ளே இருக்கும் விதி கட்டுப்படுத்தாது. இதனைப் படித்தபோது எனக்கு வியப்பும் சிறிது எரிச்சலும் சேர்ந்தே வந்தன. எதிர்த்து வாக்களித்த நீதிமன்ற உப தலைவர் தொம்கா, கருத்தோடு இணைத்த தமது தனி அறிக்கையில் இதே இடத்தைத்தான் கடுமையாகச் சாடினார்.

அடுத்தது, ‘இசைவானதா’ என்ற சொல். ஒரு செயலுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. தடை இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. நீதிமன்றம் இரண்டாவதை எடுத்துக்கொண்டது. சுதந்திரப் பிரகடனங்களைத் தடுக்கும் பொதுவான விதி எதுவும் சர்வதேசச் சட்டத்தில் இல்லை. தென் ரொடீசியா, வட சைப்பிரஸ் போன்றவற்றைப் பாதுகாப்புச் சபை கண்டித்தது பிரகடனம் செய்ததற்காக அன்று, அவை சட்டவிரோதமான படைப் பிரயோகம் போன்ற கடும் மீறல்களோடு சேர்ந்து வந்ததற்காக என்று அது விளக்கியது. 14 நீதிபதிகளில் 10 பேர் இதற்கு உடன்பட்டனர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கியூபெக் தொடர்பாகக் கனடாவின் உச்ச நீதிமன்றத்திடம் கேட்கப்பட்ட கேள்வியில், பிரிந்துபோகும் உரிமை இருக்கிறதா என்பது வெளிப்படையாக இருந்தது. அதனைச் சுட்டிக்காட்டிய சர்வதேச நீதிமன்றம், தன்னிடம் அது கேட்கப்படவில்லை என்றது. கொசோவோ ஓர் அரசா, அதனை அங்கீகரித்தவை செய்தது செல்லுபடியாகுமா, கொசோவோ மக்களுக்குப் பிரிந்துபோகும் உரிமை உண்டா என்ற எதற்கும் விடை இல்லை. ஏனெனில் எதுவும் கேட்கப்படவில்லை. இலங்கையில் இருந்து இதனைப் படித்த நாங்கள், பிரிந்துபோகும் உரிமை பற்றி என்ன சொல்லப்போகிறார்கள் என்றே தேடினோம். 2008இலேயே கொழும்பின் வெளிநாட்டமைச்சு கொசோவோவின் பிரகடனத்தைக் கண்டித்திருந்ததால் இரு பக்கத்தாரும் ஆவலோடு காத்திருந்தனர். இரு பக்கத்தாருக்கும் கிடைத்தது வெற்றுக் கடித உறை.


பவானி எழுதியது:

சட்டத்தரணி ஐயாவுக்கு நன்றி. அல்பேனிய மூலத்தின் விவரம் எனக்குப் புதிது. ஒரு கேள்வி மட்டும். இவ்வளவு படித்த அமைச்சர், சட்ட வல்லுநர் குழு, ஓராண்டுக்கு மேல் வாதப் பிரதிவாதம் என்று எல்லாம் இருந்தும், ‘பிரிந்துபோகும் உரிமை உண்டா’ என்றோ ‘அங்கீகாரம் செல்லுமா’ என்றோ ஏன் நேராகக் கேட்கவில்லை? இது கவனக்குறைவா, கணக்கா?


கீழைக்காற்று எழுதியது:

கணக்குத்தான் என்று நம்புகிறேன், பவானி அவர்களே.

பொதுச்சபையில் கேள்வியை அனுப்பப் பெரும்பான்மை வேண்டும். 2008 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளில் 22 கொசோவோவை ஏற்றுக்கொண்டிருந்தன அல்லது ஏற்கும் நிலையில் இருந்தன. ஸ்பெயின், கிரீஸ், சைப்பிரஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா ஆகிய ஐந்து மட்டுமே மறுத்தன. ‘அங்கீகரித்தது சட்டப்படி செல்லுமா’ என்று கேட்டிருந்தால், அந்த 22 நாடுகளும் தாங்களே குற்றவாளிக் கூண்டில் நிற்பதாக உணர்ந்து எதிர்த்து வாக்களித்திருக்கும். தங்களுக்கு நெருக்கமான நாடுகளையும் இழுத்திருக்கும். கேள்வி மென்மையாக இருந்ததால்தான் பிரிட்டனும் பிரான்ஸும் ஜெர்மனியும் எதிர்க்காமல் ஒதுங்கிக்கொண்டன. அந்த 74 என்ற எண்ணுக்குள் இருப்பது இதுதான். பிரிந்துபோகும் உரிமையைப் பற்றிக் கேட்டிருந்தாலோ வேறு ஆபத்து: நீதிமன்றம் ‘சில நிலைமைகளில் உண்டு’ என்று சொல்லிவிட்டால், செர்பியாவுக்கு வாக்களித்த நாடுகளே முதலில் பதறும். தம் நாட்டுக்குள் ஒரு பிரிவினைக் கோரிக்கையை வைத்துக்கொண்டிருக்கும் அரசுகள்தாம் பெல்கிரேடின் இயல்பான நண்பர்கள். இந்தியா இன்றுவரை கொசோவோவை ஏற்கவில்லை என்பதற்கும் காரணம் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை.

அதாவது சபையில் வாக்கைப் பெற்றுத் தந்த அதே மென்மைதான் நீதிமன்றத்தில் விடையை வெறுமையாக்கியது. முதல் கூட்டத்துக்காகத் தைத்த சட்டை இரண்டாம் கூட்டத்தில் பொருந்தவில்லை.

உள்நாட்டுக் காரணமும் உண்டு. என்னைக் கேட்டால் அதுவே கூடுதலான எடை உடையது. 2008 மார்ச்சில் கூட்டணி அரசு உடைந்தது. பிரதமர் கோஷ்டுனிட்சா, கொசோவோவை ஏற்றுக்கொண்ட ஐரோப்பாவோடு மேற்கொண்டு ஒப்பந்தம் வேண்டாம் என்றார். தாதிச்சின் தரப்போ கொசோவோவையும் விடமாட்டோம், ஐரோப்பாவையும் விடமாட்டோம் என்றது. ஏப்ரல் இறுதியில் ஒன்றியத்தோடு கூட்டுறவு ஒப்பந்தம் கையெழுத்தானது. மே மாதத் தேர்தலில் தாதிச்சின் அணி முதலிடம் பெற்றது. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்திருப்பதாகக் காட்ட ஏதாவது ஒன்று தேவைப்பட்டது. நீதிமன்றம் அந்த வேலையைச் செய்தது. தெருவில் இருந்த கோபம் நீதிமன்றம் இருக்கும் தி ஹேக் நகரத்துக்குப் போய்ச் சட்ட நூல்களுக்குள் அடங்கியது. அந்த இடைவெளியில், 2009 டிசம்பரில், செர்பியக் குடிமக்கள் ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு விசா இல்லாமல் போகத் தொடங்கினார்கள். சில நாள்களில் உறுப்பினர் விண்ணப்பமும் கொடுக்கப்பட்டது. இதை யெரெமிச்சின் சாதனை என்று பலர் குறிப்பதில்லை, ஆனால் கேள்வி கேட்டதன் உண்மையான பயன் இதுவாக இருக்கலாம்.


ஊர்க்குருவி எழுதியது:

ஒரு சிறு தகவலைச் சேர்க்கிறேன். 2008 அக்டோபர் 8 அன்று செர்பியாவின் தீர்மானத்துக்கு ஆதரவாகக் கைதூக்கிய நாடுகளில் மாண்டினீக்ரோவும் ஒன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை செர்பியாவோடு ஒரே நாடாக இருந்தது அது. மறுநாளே, அக்டோபர் 9 அன்று, அதே மாண்டினீக்ரோ கொசோவோவை ஏற்றுக்கொண்டது. மாசிடோனியாவும் அன்றே ஏற்றது. இரு நாடுகளின் தூதர்களையும் பெல்கிரேடு வெளியேற்றியது. நியூயார்க்கில் வாழ்த்துச் சொன்னவர்களின் குரல் ஓய்வதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து இப்படி ஒரு செய்தி. 77 என்ற எண்ணைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.


யாழ் சட்டத்தரணி எழுதியது:

கீழைக்காற்று அவர்களின் ‘இரு கூட்டம்’ விளக்கத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் கதை 2010 ஜூலையோடு நிற்கவில்லை. அதன் பிறகு நடந்த மூன்றை வைத்துத்தான் நான் இவரைத் தோற்றவராக எண்ணுகிறேன்.

முதலாவது, கருத்து வெளியான ஒரு வாரத்துக்குள் செர்பியா பொதுச்சபையில் புதிய வரைவு ஒன்றைச் சமர்ப்பித்தது. ஒருதலைப்பட்சமான பிரிவினை ஏற்கத்தக்க வழி ஆகாது என்று அது சொல்லியது. ஐரோப்பியத் தலைநகரங்கள் கொதித்தன. ஜேர்மனிய, பிரித்தானிய வெளிநாட்டமைச்சர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பெல்கிரேடுக்கு வந்தனர். செப்டம்பர் 9 அன்று நிறைவேறிய வாசகம் ஐரோப்பிய ஒன்றியத்தோடு சேர்ந்து எழுதப்பட்டது. அதில் நீதிமன்றத்தின் கருத்து ஏற்றுக்கொள்ளப்பட்டது, ஒன்றியத்தின் அனுசரணையில் பேச்சுவார்த்தை என்பது இருந்தது, பிரிவினைக் கண்டனம் இல்லை. ஐ.நா.வில் நடத்துவேன் என்று இரண்டு வருடம் போராடிய விவகாரம் பிரஸ்ஸல்ஸுக்குப் போயிற்று. பேச்சு 2011 மார்ச்சில் ஆரம்பமானது; 2013 ஏப்ரலில் செர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் இடையே பிரஸ்ஸல்ஸ் உடன்படிக்கை வந்தது. அப்போது அமைச்சராக இல்லாத யெரெமிச் அதனை எதிர்த்தார். ஆனால் அங்கே போகும் பாதையின் முதற் கல் அவர் காலத்தில் நாட்டப்பட்டதே.

இரண்டாவது, 2014 மார்ச் 11 அன்று உக்ரைனின் கிரிமியாவில் செய்யப்பட்ட சுதந்திரப் பிரகடனம் 2010 ஜூலை 22ஆம் திகதிக் கருத்தைப் பெயர் சொல்லியே எடுத்துக்காட்டியது. சில நாட்களில் புட்டினும் தமது உரையில் அதனையே ஆதாரமாகக் காட்டினார். வழக்கில் செர்பியாவின் பக்கம் நின்று வாதாடிய நாடு ரஷ்யா. செர்பியா கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடையை, செர்பியாவின் நண்பன் இன்னொரு நாட்டைப் பிரிக்க எடுத்துக்கொண்டது. அந்த நீதிமன்றமோ படைப் பலத்தோடு வரும் பிரகடனத்தைத் தனியாக ஒதுக்கியே வைத்திருந்தது என்பதைக் கிரிமியாவைப் பற்றிப் பேசிய பலர் வசதியாக மறந்தார்கள்.

மூன்றாவது ஓர் ஒப்பீடு. மொரீஷியஸின் விடுதலைக்கு முன்பு பிரித்தானியா அதிலிருந்து பிரித்துவைத்துக்கொண்ட சாகோஸ் தீவுகள் தொடர்பாக மொரீஷியஸ் 2017 ஜூனில் இதே வழியில் போனது: 94 ஆதரவு, 15 எதிர்ப்பு, 65 நடுநிலை. அங்கே இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன. 1968இல் காலனி நீக்கம் சட்டப்படி நிறைவு பெற்றதா என்பது முதலாவது. பிரித்தானியா தொடர்ந்து நிர்வகிப்பதன் சட்ட விளைவுகள் என்ன என்பது இரண்டாவது. ‘விளைவுகள்’ என்ற அந்த ஒரு சொல்லுக்கு நீதிமன்றம் விடை சொல்லியே ஆக வேண்டியிருந்தது. 2019 பெப்ரவரியில் 13க்கு 1 என்ற கணக்கில், பிரித்தானியா இயன்றளவு விரைவாக வெளியேற வேண்டும் என்றது. இரு விவகாரங்களும் ஒன்றல்ல. காலனி நீக்கத்தில் பொதுச்சபைக்கு நெடுங்கால அதிகாரம் உண்டு, வாக்குகளும் எளிதில் கிடைக்கும். ஆயினும் கேள்வியை வரைபவர் மேசையில் வைத்துக்கொள்ள வேண்டிய சோடி இது.


முத்துவேல், மதுரை எழுதியது:

கிரிமியா பற்றிய பகுதிக்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மொரீஷியஸ் ஒப்பீடு எனக்கு முழுதாக ஏற்புடையதாக இல்லை. சாகோஸில் எதிரே நின்றது கப்பல் ஏறி வந்த காலனி அரசு. கொசோவோவில் எதிரே நின்றது 1990களில் மிலோசெவிச் ஆட்சியின் கையில் அடிபட்ட மக்கள். எவ்வளவு கூர்மையாகக் கேள்வி எழுதினாலும் நீதிபதிகளின் மனத்திலிருந்து அந்தப் பத்தாண்டை அழிக்க முடியாது. ‘விளைவுகள்’ என்ற சொல்லைச் சேர்த்திருந்தால் விடை இன்னும் மோசமாக வந்திருக்கும் என்பது என் அச்சம். வெற்றுக் கடித உறை என்றார் சட்டத்தரணி ஐயா. உள்ளே கெட்ட செய்தி இருந்திருந்தால்? செர்பியா இன்றுவரை “கொசோவோ ஓர் அரசு என்று நீதிமன்றம் சொல்லவில்லை” என்று வாதாட முடிகிறது அல்லவா?


யாழ் சட்டத்தரணி எழுதியது:

அந்த வாதம் வலுவானது, ஐயா. தி ஹேக்கில் செர்பியத் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் வரலாற்றாசிரியரும் தூதருமான துஷான் பதாகோவிச். அவரிடம் கேட்டிருந்தால் நீங்கள் சொன்னதையே சொல்லியிருப்பாரோ என்று இப்போது தோன்றுகிறது. ‘தோற்றவர்’ என்ற எனது சொல்லைச் சற்றுத் தளர்த்திக்கொள்கிறேன்.


ஏடகம் எழுதியது:

எல்லோரும் நீதிமன்றத்திலேயே நிற்பதால், பொதுச்சபைத் தலைவர் பதவியைப் பற்றிச் சிறிது எழுதுகிறேன். யெரெமிச்சின் திறமை எதில் இருந்தது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

அந்தப் பதவி வட்டாரங்களுக்கு முறைவைத்து வரும். பெரும்பாலும் வட்டாரமே ஒருவரை ஒருமனதாக முன்மொழியும், சபை கைதட்டி ஏற்கும். 2012இல் கிழக்கு ஐரோப்பாவின் முறை வந்தபோது லித்துவேனியாவின் தாலியுஸ் செகுவோலிசும் யெரெமிச்சும் போட்டியிட்டதால் ரகசிய வாக்கெடுப்பு தேவைப்பட்டது. ஜூன் 8 அன்று யெரெமிச் 99, செகுவோலிஸ் 85. இதில் வியப்பு என்னவென்றால், அதற்கு மூன்று வாரங்கள் முன்பு அவருடைய ஆசிரியர் தாதிச் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிகோலிச்சிடம் தோற்றிருந்தார். சொந்த நாட்டில் கட்சி வீழ்ந்துகொண்டிருந்தபோது நியூயார்க்கில் அவர் ஏறிக்கொண்டிருந்தார். செப்டம்பரில் அவர் தலைமை நாற்காலியில் அமர்ந்தபோது அமைச்சர் பதவியும் போயிருந்தது. சில மாதங்களில் கட்சியிலிருந்தும் விலக்கப்பட்டார்.

அவர் தலைமையில்தான் 2012 நவம்பர் 29 அன்று பாலஸ்தீனத்துக்கு உறுப்பினரல்லாத பார்வையாளர் அரசு என்ற தகுதி 138 வாக்குகளோடு கிடைத்தது. 2013 ஏப்ரலில் ஆயுத வணிக ஒப்பந்தமும் நிறைவேறியது. இவற்றை அவருடைய சாதனைகள் என்று எழுதுவது மிகை. தலைவர் முடிவை அறிவிப்பவர். அந்த வாக்குகளைத் திரட்டியவர்கள் வேறு ஆட்கள்.

அவரே தேர்ந்தெடுத்து நடத்தியவற்றில் சர்ச்சைதான் மிகுந்தது. 2013 ஜனவரி 14, ஆர்த்தடாக்ஸ் மரபின் புத்தாண்டு நாள். பொதுச்சபை மண்டபத்தில் ஒரு செர்பியப் பாடகர் குழுவின் இசை நிகழ்ச்சி நடந்தது. இறுதியில் ‘டிரினாவை நோக்கி அணிவகுப்பு’ என்ற பாட்டைப் பாடினார்கள். 1914இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையைச் செர்பியா வென்றதன் நினைவாக எழுந்த இசை அது. ஆனால் 1990களின் போஸ்னியப் போரில் செர்பியப் படையினரின் முழக்கமாகவும் ஒலித்ததால், போஸ்னிய முஸ்லிம் அமைப்புகள் கொதித்தெழுந்தன. மண்டபத்தில் கைதட்டியவர்களில் பொதுச்செயலாளர் பான் கி மூனும் ஒருவர், பின்னர் ஐ.நா. வருத்தம் தெரிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் சர்வதேசக் குற்றவியல் நீதி பற்றி யெரெமிச் கூட்டிய விவாதத்தை அமெரிக்கா புறக்கணித்தது. யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தின் மீது செர்பியர்களுக்கு இருந்த குறைகளைச் சொல்ல உலக மேடையை அவர் பயன்படுத்துகிறார் என்பது குற்றச்சாட்டு. எல்லா நாடுகளுக்கும் பொதுவான நாற்காலியில் அமர்ந்த பிறகும் அவர் செர்பியாவின் அமைச்சராகவே பேசினார் என்று நான் கருதுகிறேன்.

யூகோஸ்லாவியாவிலிருந்து அந்த நாற்காலிக்கு முன்பு வந்தவர் லாசர் மொய்சோவ், 1977இல். அவருக்குச் சற்று முன்னர் இலங்கையின் ஷேர்லி அமரசிங்க. அணிசேரா நாடுகளின் குரல் அந்த மண்டபத்தில் ஓங்கியிருந்த காலம் அது. யெரெமிச் திரும்பக் கொண்டுவர விரும்பியதும் அந்தக் காலத்தைத்தான் என்று தோன்றுகிறது.


பவானி எழுதியது:

அப்படியென்றால் 2016இல் ஐ.நா. பொதுச்செயலாளர் பதவிக்கு அவர் போட்டியிட்டதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டாமா? கிழக்கு ஐரோப்பாவின் முறை என்று பேசப்பட்ட ஆண்டு அது. அவரை முன்மொழிந்தது அப்போதைய பிரதமர் வூச்சிச்சின் அரசு. அதாவது உள்நாட்டில் அவர் எதிர்த்துவந்த அரசு. பாதுகாப்பு அவையின் முதல் மாதிரி வாக்கெடுப்பில் 15இல் 9 ஆதரவு அவருக்குக் கிடைத்தது. கடைசியில் போர்ச்சுகலின் குத்தேரஸ், 13 ஆதரவும் எதிர்ப்பே இல்லாத நிலையுமாக வென்றார்.

நான் கவனித்தது ஒன்று. பொதுச்சபையில் 99 வாக்கு வாங்க ஒவ்வொரு சிறு நாட்டையும் தேடிப் போய்ப் பேசினால் போதும். யாரும் தடுக்க முடியாது. பாதுகாப்பு அவையில் வீட்டோ உரிமையுள்ள ஐந்து நாடுகளில் ஒன்று முகம் சுளித்தாலும் போதும், எல்லாம் முடிந்தது. 2008 முதல் அமெரிக்காவையும் பிரிட்டனையும் எதிர்த்தே பெயர் வாங்கியவர் அந்த மேசையில் எப்படி வெல்ல முடியும்?


கீழைக்காற்று எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள். அவருடைய கருவிகள் எல்லாம் ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு என்ற மண்டபத்துக்காகச் செய்யப்பட்டவை.

அந்த அரசு முன்மொழிந்ததற்கு அடுத்த ஆண்டே, 2017 ஏப்ரலில், குடியரசுத் தலைவர் தேர்தலில் அவர் அதே வூச்சிச்சை எதிர்த்து நின்றார். வூச்சிச் முதல் சுற்றிலேயே ஏறக்குறைய 55 விழுக்காடு பெற்று வென்றார், யெரெமிச்சுக்கு 5.65 விழுக்காடு, நான்காம் இடம். மூன்றாம் இடம் யாருக்கு என்று கேட்டால் சிரிப்பீர்கள். வெள்ளை உடுப்பும் குடுமியுமாக, எல்லோருக்கும் எல்லாம் தருவேன் என்று அரசியல்வாதிகளைக் கேலி செய்து நின்ற ஒரு நகைச்சுவை இளைஞருக்கு. அவர் பெற்றது 9 விழுக்காட்டுக்கு மேல். பொதுச்சபையின் முன்னாள் தலைவர் அவருக்குப் பின்னால் வந்தார்.